பதினெட்டுக்குப் பதினாலு

புற்றுநோய் என்ற பெரிய மனிதர் அந்த வீட்டுக்குள் வந்து, சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த நாளிலிருந்து, அங்கே ஏற்கெனவே குடியிருந்த மற்ற நோய்களுக்கெல்லாம் மரியாதை போய்விட்டது.

ரொம்ப அவமானப்பட்டது சர்க்கரைதான். இருபது வருடமாக வீட்டை ஆண்டது அதுதான். என்ன சமைப்பது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, யார் வீட்டு விசேஷத்தில் எதைப் பார்த்துவிட்டு மட்டும் வருவது என்று எல்லாம் அதன் உத்தரவுப்படி நடந்தன. இப்போது அதைக் கேட்பாரில்லை. ரத்த அழுத்தத்தின் பாடு அதைவிட மோசம். பரண்மேல் போட்ட பழைய ரேடியோ மாதிரி, இருக்கிறதா இல்லையா என்றே யாருக்கும் ஞாபகமில்லை. ஒரே ஒரு சிக்கல். இந்தப் பதவி இறக்கத்தைப் பற்றி அந்த நோய்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவை வழக்கம்போல் காலை ஆறு மணிக்கெல்லாம் வேலைக்கு வந்துகொண்டிருந்தன.

வீட்டுக்காரிக்கு டீச்சர் என்று பெயர். வைத்த பெயர் வேறு. ஆனால் முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவளைக் கட்டிய கணவனே டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தால், சொந்தப் பெயர் ரேஷன் அட்டைக்கு மட்டும்தான் உதவும். மார்பகத்தில் வந்து, அறுத்து எடுத்து, "எல்லாம் சரியாப் போச்சு" என்று கைகுலுக்கி அனுப்பப்பட்டது, மூன்று வருடம் கழித்து முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் குடிபெயர்ந்திருந்தது. அதுவும் ஆயிற்று இரண்டு வருடம்.

புற்றுநோய் டாக்டர், டீச்சரிடம் படித்த பெண்களின் வயதில்தான் இருப்பாள். அவள் மட்டும்தான் உண்மையை உண்மையாகச் சொன்னாள்.

"இதை முழுசா விரட்ட முடியாதும்மா. ஆனா அடக்கி வைக்கலாம். இந்த மாத்திரை மூணு வாரம் போடுங்க, ஒரு வாரம் விடுங்க. இப்படியே வருஷக்கணக்கா ஓட்டுறவங்க இருக்காங்க."

டீச்சர் அதை நம்பினாள். வருஷக்கணக்கில் ஓட்டுவது என்று முடிவு செய்துவிட்டாள். வண்டியை ஓட்ட வேண்டுமென்றால் கண் தெரிய வேண்டும் அல்லவா? அங்கேதான் வம்பு ஆரம்பித்தது.

இந்த இரண்டு வருடத்தில் இரண்டு கண்ணிலும் புரை. சர்க்கரையும் வயதும் மருந்துகளும் கூட்டுச் சேர்ந்து கட்டிய திரை. வாசலில் யார் நின்றாலும் சலவைக்குப் போன துணி மாதிரி தெரிந்தது. மாத்திரை அட்டையில் இருக்கும் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. படியில் இறங்கினால், கடைசிப் படி முடிந்துவிட்டதா இல்லையா என்பதைக் கால்தான் தடவிப் பார்த்துச் சொல்லும். எலும்பில் நோய் இருக்கிறவள் ஒரு முறை தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று புற்றுநோய் டாக்டரே கவலைப்பட்டு, கண்ணைச் சரிசெய்துகொள்ளும்படி கடிதம் எழுதிக் கொடுத்தாள்.

கண் டாக்டர் அந்தக் கடிதத்தைப் படித்தார். அப்புறம் டீச்சரைப் பார்த்தார். அப்புறம் அவள் கணவரைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இந்த நிலைமையில இது அவசியமா சார்?"

"எந்த நிலைமையில டாக்டர்?" என்றாள் டீச்சர். "உக்காந்த நிலைமையிலயா? சொல்லுங்க, வேணும்னா எந்திரிச்சு நிக்கறேன்."

கண் டாக்டர் இருமினார். நோயாளிக்குக் கண்தான் தெரியாது, காது நன்றாகவே கேட்கும் என்பதை அவருடைய படிப்பில் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது. அதன் பிறகு அவர் மறுக்கவில்லை. நிபந்தனை போட்டார். மாத்திரை இல்லாத ஓய்வு வாரத்தில், ரத்த அணுக்கள் ஏறிய பிறகுதான் செய்ய முடியும். அதற்கு முந்தைய இரண்டு வாரம், சாப்பிட்டபின் எடுக்கும் சர்க்கரை இருநூறுக்குக் கீழேயே இருக்க வேண்டும். வீட்டில் தினமும் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

"மூணு மாசக் கணக்கு டெஸ்ட் ஒண்ணு இருக்கே, அதைப் பாக்கக் கூடாதா?" என்று சர்க்கரை டாக்டரிடம் கேட்டபோது, "உங்களுக்கு ரத்தம் குறைவா இருக்கும்மா, அந்த டெஸ்டு பொய் சொல்லும். நோட்டுதான் பொய் சொல்லாது" என்றார் அவர்.

பாவம், நல்ல மனிதர்.

முதல் ஓய்வு வாரம் வந்தது. நோட்டில் சர்க்கரை இருநூற்றுச் சொச்சம். ஆபரேஷன் தள்ளிப்போனது. இரண்டாவது ஓய்வு வாரம் வந்தது. மறுபடியும் இருநூற்றுச் சொச்சம். மறுபடியும் தள்ளிப்போனது. மூன்றாவது வாரம் வரப்போகிறது. அது முடிந்ததும் ஒரு ஸ்கேன். "அதுல ஏதாவது கூடியிருந்தா, மாத்திரையை நிறுத்திட்டு ஊசி ஏத்த ஆரம்பிக்கணும். அப்புறம் கண்ணு ஆபரேஷனை ரொம்ப நாளைக்கு மறந்துடணும். பண்றதா இருந்தா இப்பவே பண்ணிடுங்கம்மா" என்று புற்றுநோய் டாக்டர் சொல்லிவிட்டாள்.

ஆக, கையில் இருந்தது ஒரு வாரம். அந்த ஒரு வாரத்துக்குக் குறுக்கே நின்றது ஒரு நோட்டுப் புத்தகம்.

அந்த நோட்டை எழுதியவர் மாஸ்டர். டீச்சரின் கணவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் முப்பத்தைந்து வருடம் பயிற்சியாளராக இருந்து, ஓய்வு பெற்ற பிறகும் ரொம்பப் பயந்த சுபாவமுள்ள மாணவர்களுக்காகத் தினமும் இரண்டு மணி நேரம் போய் வருகிறவர். பயிற்சிக் காரில் மாஸ்டர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். ஸ்டியரிங் கிடையாது, ஆக்சிலரேட்டர் கிடையாது, பிரேக் மட்டும். முப்பத்தைந்து வருடம் ஒரே ஒரு பிரேக்கோடு வாழ்ந்தவரின் குணம் எப்படி இருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சினிமாவில் யாராவது வேகமாகப் போனால்கூட அவர் வலது கால் தரையை அழுத்தும்.

அந்தப் பள்ளிக்கு இருபத்தாறு வயதில் கார் கற்க வந்தவள்தான் டீச்சர். முதல் நாளே பதினொரு முறை பிரேக் போட்டார். "வண்டியை நான் ஓட்டுறேனா, நீங்க ஓட்டுறீங்களா?" என்று கேட்டாள். "நீங்கதான் ஓட்டுறீங்க. நான் நிறுத்துறேன்" என்றார். இதில் காதல் எங்கே வந்தது என்று இன்றுவரை இரண்டு குடும்பத்துக்கும் புரியவில்லை.

நோய் திரும்பி வந்தபோது டீச்சர் ஒரு வாரம் அழுதாள். மாஸ்டர் அழவில்லை. "தைரியமா இரு, ஒண்ணும் ஆகாது" என்று, ரயில் வருகையை அறிவிக்கிறவர் மாதிரி தெளிவான குரலில் சொன்னார். இரண்டு வருடமாக அதே குரல்தான். மருந்து எடுத்துக் கொடுப்பார், விரலில் குத்தி ரத்தம் எடுப்பார், இன்சுலின் போடுவார், பிறகு மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். டீச்சருக்கு அவரிடம் ஒரே ஒரு குறைதான். முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் பேப்பரை முடித்துவிடுவார். இப்போது ஒரு பக்கம் புரட்டும் சத்தம் கேட்க அரை மணி நேரம் ஆகிறது. வயதானால் படிக்கும் வேகம் குறையும்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

சர்க்கரை டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, காலை இன்சுலினைப் பதினாலு யூனிட்டிலிருந்து பதினெட்டாக உயர்த்தினார். பேனா மாதிரி இருக்கும் ஊசி. அதன் பின்பக்கத்தைத் திருகினால், யூனிட்டுக்கு ஒன்றாக 'டிக்' என்று சத்தம் வரும்.

மறுநாள் காலை மாஸ்டர் திருகினார். டிக், டிக், டிக். டீச்சர் சும்மா எண்ணினாள். கண் தெரியாதவளுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? பதினாலில் சத்தம் நின்றது. ஊசி வயிற்றில் இறங்கியது.

தப்பாக எண்ணியிருப்போம் என்று நினைத்தாள். அடுத்த நாளும் பதினாலு. மூன்றாம் நாள், வாயை மூடிக்கொண்டு, தொடையில் விரல் விட்டு எண்ணினாள். பதினாலு.

"இன்னிக்கு எத்தனை போட்டீங்க?" என்றாள், பேச்சுவாக்கில் கேட்கிற மாதிரி.

"பதினெட்டு" என்றது ரயில் குரல்.

டீச்சருக்கு வயிற்றில் ஊசி குத்திய இடத்தைவிட வேறு எங்கோ வலித்தது. நோட்டில் சர்க்கரை இருநூறைத் தாண்டுகிறது. டாக்டர் மருந்தைக் கூட்டச் சொல்கிறார். கணவர் கூட்டாமல், கூட்டியதாகச் சொல்கிறார். இதற்கு என்ன அர்த்தம்? சர்க்கரையைக் குறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைக்கிறாரா? 'இந்த நிலைமையில அவசியமா?' கண் டாக்டர் கேட்ட கேள்வி இவருக்கும் ஒட்டிக்கொண்டதா? ஊரில் எத்தனையோ பேர் அவள் முகத்துக்கு நேராக அப்படிப் பேசியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் அவள் பதில் வைத்திருந்தாள். எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற ஆளுக்கு மட்டும் பதில் தயாராக இல்லை.

பத்து மணிக்கு மாஸ்டர் பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பினார். பத்தேகாலுக்கு நாத்தனார் வந்தாள். மாஸ்டரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி இருப்பவள். இருபது வருடமாக டீச்சரின் தட்டிலிருந்து இனிப்பைப் பிடுங்கி வைத்தவள், இந்த இரண்டு வருடமாக வாரம் ஒரு முறை டப்பா டப்பாவாகக் கொண்டுவந்து குவிக்கிறாள். கூடவே ஒரு பெருமூச்சும் வரும். அது இலவசம்.

"கேக்கு கொண்டாந்திருக்கேன் அண்ணி. இனிமே என்ன பத்தியம் வேண்டிக் கிடக்கு? ஆசைப்பட்டதை வாய் நிறையச் சாப்பிடுங்க."

"இதை ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடும்மா. சர்க்கரை டாக்டர்கிட்ட காட்டுறேன். அவருக்கு விஷயம் தெரியாம இன்னும் மருந்து எழுதிக்கிட்டே இருக்காரு."

"போங்க அண்ணி, உங்களுக்கு எல்லாம் கிண்டல்தான். எனக்கு மனசு கேக்கல."

"சரி, மனசு கேக்கலைன்னா எனக்கு ஒரு உதவி பண்ணு. அந்த அலமாரில நீல அட்டை போட்ட நோட்டு இருக்கும். எடுத்துப் படி. சாப்பிட்டபின்னு எழுதியிருக்கறதை மட்டும்."

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, துக்க வீட்டுக் கடிதம் வாசிப்பதுபோல் வாசித்தாள்.

"இருநூத்திப் பதினாலு. இருநூத்திப் பதினெட்டு. இருநூத்திப் பதினாறு. இருநூத்திப் பன்னெண்டு. இருநூத்திப் பதினேழு. இருநூத்திப் பதினஞ்சு... ஐயோ, எவ்வளவு அண்ணி!"

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

முப்பத்தொரு வருடத்தில் அவள் ஆய்வகத்தில் எத்தனை ஆயிரம் செய்முறை நோட்டுகளைத் திருத்தியிருப்பாள்! ஒரு சொட்டு அமிலத்தைக்கூட அளக்காமல், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அளவுகளைக் கற்பனையில் பெற்றெடுத்த கவிஞர்கள் எத்தனை பேரைப் பிடித்திருப்பாள்! அவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான். உண்மையான அளவு ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும், ஒரு நாள் காரணமே இல்லாமல் மானத்தை வாங்கும். பொய் அளவு மட்டும்தான் இவ்வளவு ஒழுக்கமாக வரிசையில் நிற்கும்.

"போன செவ்வாய்க்கிழமை எவ்வளவுன்னு போட்டிருக்கு?"

"இருநூத்திப் பதினெட்டு."

செவ்வாய்க்கிழமை காலை சாப்பிட்டது அத்தனையும் வாந்தியாக வெளியே வந்தது. சர்க்கரை எங்கிருந்து ஏறும்?

"நீ ஞாயித்துக்கிழமை கேக்கு கொண்டாந்தியே, நான் ரெண்டு துண்டு தின்னேனே, அன்னிக்கு?"

"இருநூத்திப் பதினாறு." நாத்தனார் குரலில் துக்கம் போய் ரோஷம் வந்தது. "என்னண்ணி இது, நாலு முட்டை, அரைக் கிலோ சக்கரை போட்டுச் செஞ்ச கேக்கு. அதைத் தின்னதுக்கு ரெண்டு குறைஞ்சிருக்கு?"

"உன் கேக்கைக் குத்தம் சொல்லலைம்மா. அந்த மெஷினை எடு. பக்கத்துல இருக்கற பொத்தானை அமுக்கிக்கிட்டே இரு. பழைய கணக்கெல்லாம் அதுல இருக்கும். தேதியோட படி."

நாத்தனார் அமுக்கினாள். செவ்வாய்க்கிழமை நூற்றிரண்டு. ஞாயிற்றுக்கிழமை நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மற்ற நாட்களில் நூற்று நாற்பத்தெட்டு, நூற்று எழுபத்தொன்று, நூற்று முப்பத்தைந்து. தாறுமாறாக, ஒழுங்கில்லாமல், உண்மையாக. இரண்டு மாதத்தில் ஒரே ஒரு நாள்கூட இருநூறைத் தொடவில்லை.

"மெஷினு ரிப்பேர் போல அண்ணி."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. ரிப்பேரானது உங்க அண்ணன்."

"எங்க அண்ணன் அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு!" என்றாள் தங்கை. சொல்லிவிட்டு நோட்டையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். "அண்ணனோட எழுத்துதான்... ஏன் அண்ணி இப்படிச் செஞ்சாரு?"

அதுதான் டீச்சருக்கும் தெரியவில்லை. காலையில் வந்த வலி போய், இப்போது வேறு வலி. மருந்தைக் குறைத்தது கைவிட்டதால் அல்ல. சர்க்கரை சரியாகத்தான் இருந்திருக்கிறது. அது தெரிந்துதான் குறைத்திருக்கிறார். அப்படியானால் நிறுத்தியது சர்க்கரையை அல்ல. கண்ணை. இரண்டு ஓய்வு வாரத்திலும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடி பிரேக் போட்டது இந்த மனுஷன்தான்.

"நான் கேட்டேன்னு சொல்லாதே" என்றாள். "கேக்கை வச்சிட்டுப் போ."

மறுநாள் காலை மாஸ்டர் பேனா ஊசியை எடுத்துத் திருக ஆரம்பித்தார். இந்த முறை டீச்சர் வாய் விட்டே எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு..." அவர் கை தயங்கியது. "திருகுங்க மாஸ்டர், நிறுத்தாதீங்க. பதினொண்ணு, பன்னெண்டு, பதிமூணு, பதினாலு." சத்தம் நின்றது. "மீதி நாலு எங்க?"

"அது... இதுல சத்தம் சரியா வராது டீச்சர்."

"பரவாயில்ல. பதினெட்டே வைங்க. டாக்டர் சொன்னது பதினெட்டுதானே?"

"வேண்டாம்!" ரயில் குரல் தடம் புரண்டது. "பதினெட்டு போட்டா நீ மயங்கி விழுந்துடுவ. உன் சர்க்கரை நூத்தம்பதுதான் இருக்கு!"

"அப்ப அந்த இருநூத்திப் பதினெட்டு யாரோடது? எதிர்வீட்டுக்காரரோடதா?"

தரையில் வலது கால் அழுத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"முதல்ல பதினாலைப் போடுங்க. நேரமாகுது. அப்புறம் சண்டை போடலாம்."

போட்டார். போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார். டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இத்தனை வருடம் கழித்து ஒரு மாணவனை விசாரிக்கக் கிடைத்த வாய்ப்பு.

"ஏன்?"

"உனக்கு ரத்தத்துல அணு கம்மி. கண்ணுல கத்தி வச்சா, ஏதாவது கிருமி..."

"அதுக்குத்தான் ஓய்வு வாரம். அடுத்தது."

"மயக்க ஊசி ஒத்துக்காமப் போனா..."

"மயக்க மருந்தே கிடையாது. சொட்டு மருந்துதான். கால் மணி நேர வேலை. கண் டாக்டர் உங்ககிட்டதான் சொன்னாரு, என் காதுலயும் விழுந்துச்சு. அடுத்தது."

"ரொம்பக் கஷ்டப்பட்டுட்ட. இன்னும் எதுக்கு இன்னொரு ஆபரேஷன்னு..."

"இது கண் டாக்டரோட வசனம். உங்க சொந்தச் சரக்கைச் சொல்லுங்க." டீச்சர் குரல் இறங்கியது. "மாஸ்டர், நான் ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன்னு வைங்க. உங்க நோட்டைப் பாத்து ஒரு நர்ஸ் பதினெட்டு போட்டிருந்தா? அந்த நாலு என்னைக் கொன்னிருக்கும். எலும்புல இருக்கறதுக்குக்கூட அவ்வளவு அவசரம் இல்ல."

மாஸ்டர் அதை யோசித்திருக்கவில்லை. அவர் பேனா ஊசியை மேஜைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் வந்தது ஒரு குரல். ரயில் குரல் இல்லை. இரண்டு வருடமாக அவள் கேட்காத, அவருடைய சொந்தக் குரல்.

"நீ பாத்துடுவியே டீச்சர்."

"எதை?"

"என்னை. உன்கிட்ட தைரியமாப் பேசிடுவேன். ஆனா மூஞ்சி கேக்க மாட்டேங்குது. தினம் காலைல உனக்கு ஊசி போட்டுட்டு, இங்க உன் எதிர்லதான் உக்காந்து அழுவேன். உனக்குத்தான் தெரியாதே. பேப்பரைக் கையில வச்சுக்குவேன், அவ்வளவுதான். கண்ணு தெரிஞ்சிட்டா நான் எங்க போய் அழறது?"

டீச்சர் சற்று நேரம் அந்த மங்கலான, சலவைத் துணி போன்ற உருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேப்பரின் ஒரு பக்கம் புரள ஏன் அரை மணி நேரம் ஆனது என்பது இப்போது புரிந்தது. ஏதாவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவளும் அழுதுவிடுவாள். அப்புறம் அந்த வீட்டில் ஊசி போட ஆளில்லாமல் போய்விடும்.

"ஏன், பாத்ரூம் இருக்கே?"

"கதவு கிறீச்சுங்குது. உனக்குக் காதுதான் பாம்புக் காதாச்சே. உனக்குத் தெரியாம அழறதுக்கு இந்த வீட்டுல இருக்கற ஒரே இடம் உன் எதிர்லதான்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. இடுப்பெலும்பு வலிக்க வலிக்கச் சிரித்தாள். அவரும் சிரித்தார், அல்லது அழுதார். திரைக்கு அந்தப்புறம் எது நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கேளுங்க மாஸ்டர்" என்றாள். "எனக்கு இன்னும் எவ்வளவு நாள்னு யாருக்கும் தெரியாது. ரெண்டு வருஷமோ, அஞ்சோ. அதுவரைக்கும் ஒரு துணிமூட்டையோட குடித்தனம் நடத்தச் சொல்றீங்களா? நான் ஒரு மனுஷனைத்தான் கட்டிக்கிட்டேன். அழுமூஞ்சியா இருந்தாலும் அது என்னோட அழுமூஞ்சி. எனக்குப் பாக்கணும்."

அன்றே சர்க்கரை டாக்டரிடம் போனார்கள். மாஸ்டர் நோட்டையும் மெஷினையும் மேஜைமேல் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு தானே எல்லாவற்றையும் சொன்னார். 'நோட்டு பொய் சொல்லாது' என்ற கொள்கையோடு இருந்த அந்த நல்ல மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"சார், நீங்க செஞ்சது எவ்வளவு பெரிய ஆபத்து தெரியுமா?"

"தெரியும் டாக்டர். வீட்டுல சொல்லிட்டாங்க."

"நானும் திட்டட்டுமா, அது போதுமா?"

"அது போதும் டாக்டர்" என்றாள் டீச்சர். "உங்க திட்டு என்னோடதுக்கு அப்புறம் ரொம்பச் சப்புன்னு இருக்கும்."

இன்சுலின் மறுபடி பதினாலு என்று எழுதப்பட்டது. மெஷினில் இருந்த உண்மைக் கணக்குகள் கண் டாக்டருக்குப் போயின. இனி மறுப்பதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லாததால், அவர் நல்ல மனதோடு சம்மதித்தார். ஓய்வு வாரத்தின் ஐந்தாம் நாள், ரத்த அணுக்கள் எல்லாம் வேலைக்குத் திரும்பிய பிறகு, வலது கண்ணில் கால் மணி நேர வேலை முடிந்தது. வெளியே உட்கார்ந்திருந்த மாஸ்டர் அந்தக் கால் மணி நேரத்தில் போட்ட பிரேக்கில், ஆஸ்பத்திரிக் கட்டடமே நகராமல் நின்றது என்று நாத்தனார் பிற்பாடு சொன்னாள்.

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள்.

கண் டாக்டர் விரலைக் காட்டி "எத்தனை?" என்றார். "மூணு. நகம் வெட்டணும்" என்றாள் டீச்சர். அப்புறம் தலையைத் திருப்பினாள்.

சுவரோரமாக ஒரு வயதான ஆள் நின்றிருந்தார். கன்னம் ஒட்டிப்போய், தாடையில் சவரம் தப்பிய வெள்ளை முடி திட்டுத் திட்டாக நின்றது. சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போயிருந்தது. கண்களின் கீழே, இரண்டு வருடம் தினமும் பேப்பர் படித்த கருப்பு.

"இந்தப் பெரியவர் யாரு டாக்டர்?" என்றாள். "என் வீட்டுக்காரர் வரலையா?"

"டீச்சர்..." என்றார் பெரியவர்.

"ஓ, நீங்கதானா! ரெண்டு வருஷமா ரேடியோவுல பேசிக்கிட்டிருந்தது நீங்கதானா?" கையை நீட்டினாள். மாறிப்போன பொத்தானைக் கழற்றி, சரியான ஓட்டையில் போட்டாள். அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது. மறைக்கப் பேப்பர் இல்லாமல் தவித்தார். "அழுங்க, அழுங்க. பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஒண்ணும் ஆகலியே எனக்கு?"

கண் டாக்டருக்கு மறுபடியும் இருமல் வந்தது.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, டீச்சர் தன் விரலில் தானே குத்திக்கொண்டாள். மெஷினின் எண்ணைத் தானே படித்தாள். இருநூற்று முப்பத்தொன்று.

ஊர்ப்பட்ட பொய் எழுதிய நாளெல்லாம் இருநூறைத் தொடாத சர்க்கரை, உண்மையான நோட்டின் முதல் நாளில் மானத்தை வாங்கிவிட்டது. மேஜையில் நாத்தனார் வைத்துவிட்டுப் போன கேக்கு டப்பா பாதி காலியாக இருந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம்.

"ஆபரேஷன் பயத்துல ஏறியிருக்கும்" என்றார் மாஸ்டர் பக்கத்தில் வந்து. "நாளைக்கு இறங்கிடும். நோட்டுல ஒரு நூத்தெண்பதுன்னு..."

டீச்சர் அவரைப் பார்த்தாள். வெறுமனே பார்த்தாள். இரண்டு வருடமாக அந்த வீட்டில் புழக்கத்தில் இல்லாத பார்வை. மாஸ்டர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

அவள் 231 என்று எழுதினாள். கோட்டுக்கு மேலேயும் கீழேயும் தள்ளாடியது எழுத்து. அப்புறம் இழுப்பறையில் தேடி, பள்ளிக்கூடத்துச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். நீல அட்டை நோட்டைத் திறந்து, இரண்டு மாதத்துப் பொய்யையும் ஒவ்வொரு பக்கமாக அடித்துக்கொண்டே போனாள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'மறுபடி செய்து காட்டவும்' என்று எழுதினாள்.

நடுவில் ஒரு பக்கத்தில் கை நின்றது. செவ்வாய்க்கிழமை. அவள் வாந்தி எடுத்த நாள். 218 என்பதில் இருந்த எட்டு ஊறிப் பரவி, காகிதம் அங்கே வட்டமாகச் சுருங்கிப்போய் இருந்தது. அந்த ஓர் எண்ணை எழுதும்போது மட்டும் அவர் கையில் பேப்பர் இருந்திருக்காது.

அந்தப் பக்கத்தை அவள் அடிக்கவில்லை. அங்கே சிவப்பில் எதுவும் எழுதவுமில்லை. பக்கத்தைப் புரட்டினாள்.

"என்ன டீச்சர், பாஸா?" என்றார் மாஸ்டர், இரண்டடி தள்ளி நின்றபடியே.

"இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு. ஸ்கேன் சரியா வந்தா அடுத்த ஓய்வு வாரம் அதுவும். அதுவரைக்கும் ஒழுங்கா இருங்க, யோசிக்கறேன்" என்றாள். "மொதல்ல போய் அந்தக் கன்னத்து முடியை வழிங்க. பாக்கச் சகிக்கல."